நடுப்பந்து சிறுத்திருந்தது

படம் திரையில் விரிந்தபோது அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நடுவில் ஓர் அறுகோண வளையம். அதிலிருந்து மூன்று பக்கமும் மூன்று கைகள். ஆட்டத்துக்குத் தயாராக நிற்கும் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அந்த மூலக்கூறு.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிற டைரக்டர்கூட, "அக்காகிட்ட குடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். எல்லாம் அவள் கூடப்பிறந்த தம்பி செய்த வேலை. எதிர்க் கட்டடத்தில் வேதியியல் பிரிவில் இருக்கிறான். "அக்கா... அக்கா..." என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏறி வருவான். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பம்பரம். நின்ற இடத்தில் நிற்கமாட்டான். பேசும்போது கால் ஆடும், சாப்பிடும்போது தொடை ஆடும். ஒரு கதவு படாரென்று சாத்தினால் ஓரடி துள்ளுவான். சிறுவயதில் அவன் பின்னால் பூனைபோலப் போய் "ப்பே!" என்று கத்துவதுதான் அக்காவுக்குப் பொழுதுபோக்கு. கையில் என்ன வைத்திருந்தாலும் அது பறந்துபோய் எங்கேயோ விழும்.

தம்பி பொருளைச் செய்வான். அது என்ன பொருள் என்று அக்கா பார்த்துச் சொல்வாள். செய்த பொருளை இன்னொருவர் பார்த்துச் சொல்வானேன் என்று தோன்றும். வெள்ளைப் பொடிகள் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். செய்ய நினைத்ததைத்தான் செய்தோமா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், அதைப் படிகமாக வளர்த்து, ஒரு துணுக்கை எக்ஸ்ரே கதிரில் வைத்துச் சுழற்ற வேண்டும். கதிர் சிதறி விழும் புள்ளிகளை வைத்து, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

முந்தின நாள்தான் பம்பரம் ஒரு குட்டிச் சீசாவோடு வந்திருந்தான்.

"அக்கா, தங்கம் கொண்டாந்திருக்கேன்!"

"போன தடவை தங்கம்னு சொல்லி வெறும் உப்பைக் கொண்டாந்தே."

"அதையே எத்தனை நாள் சொல்லிக் காட்டுவே? இது அந்தப் புதுப் பசைக்கான மூலப்பொருள். மூணு கை இருக்கும். நீயே பாரு." கையுறை டப்பாவின் அட்டையைக் கிழித்து அதில் மூலக்கூறின் படத்தை வரைந்து நீட்டினான். ஒவ்வொரு கையின் நுனியிலும் மூன்று அணுக்கள் வரிசையாக. நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன்.

"அகச்சிவப்புக் கருவியில போட்டுப் பார்த்தியா?"

"அது படுத்துக்கிச்சு. ஆள் வந்து பார்க்க அடுத்த வாரம் ஆகுமாம். அதான் உன் காலைப் பிடிக்கிறேன். மொத்தச் சரக்கும் பெரிய குடுவையில கரைசலா நிக்குது. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, உலர்த்தி எடுத்துடுவேன்."

"அதுவரைக்கும் தொடாதே."

"தொடுவேனா? நீ சொல்லாம எதைத்தான் தொட்டிருக்கேன்?"

அவன் போனதும், சீசாவிலிருந்து சில படிகங்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயில் போட்டாள். நல்லதாகத் தெரிந்த ஒன்றோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நுண்நோக்கியில் கண்ணைப் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சவர பிளேடால் இரண்டையும் நறுக்கிப் பிரித்தாள். 'டிக்' என்று பிரிந்தது. கல்கண்டுத் துணுக்கு மாதிரி மின்னியது. ஊசி நுனியில் ஏற்றி, குளிர்காற்று வீசும் எக்ஸ்ரே கருவிக்குள் வைத்தாள். ராத்திரி முழுக்கக் கருவி தன் பாட்டுக்குச் சுழன்றது.

காலையில் கணக்கு முடிந்திருந்தது. அட்டையில் தம்பி வரைந்தபடியே அணுக்களுக்குப் பெயர் கொடுத்தாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று காட்டும் பிழை எண் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அலறும்படி இல்லை. உடனே போன் போட்டாள்.

"டேய், படம் வந்துடுச்சு. நீ வரைஞ்சதுதான்."

"சொன்னேன்ல! அக்கா, நீ தெய்வம். நான் இப்பவே உலர்த்தப் போடறேன்."

அது காலையில். இப்போது வெயில் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. அறிக்கையில் ஒட்டுவதற்காகக் கடைசிப் படத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். இதுவரை அணுக்களை வெறும் புள்ளிகளாகத்தான் பார்த்திருந்தாள். கடைசிப் படத்தில்தான் அவை பந்துகளாகத் தெரியும். அணு எவ்வளவு அதிர்கிறதோ அவ்வளவு பெரிய பந்து.

அப்படிப் பந்துகளாக மாற்றியபோதுதான் அவள் பெருமையில் ஒரு கீறல் விழுந்தது.

கையின் நுனியில் மூன்று பந்துகள். நடுவில் கார்பன். அது சிறுத்திருந்தது. பக்கத்து அணுக்களுக்கு முன்னால் ஒரு கடுகு மாதிரி. கடைசியில் ஆக்சிஜன். அது ஊதிக் கிடந்தது, காற்றடைத்த மாதிரி.

'ஏதாவது கோளாறா இருக்கும்' என்று அடுத்த கையைப் பார்த்தாள். அங்கேயும் நடுப்பந்து சிறுத்திருந்தது, கடைசிப் பந்து ஊதியிருந்தது.

மூன்றாவது கையைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. பார்த்தாள். அதே கதை.

நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

எக்ஸ்ரே கதிருக்கு அணுவின் பெயர் தெரியாது. எலக்ட்ரான்கள் எத்தனை என்று மட்டும்தான் தெரியும். கார்பனுக்கு ஆறு, நைட்ரஜனுக்கு ஏழு, ஆக்சிஜனுக்கு எட்டு. பெயர் வைப்பது மனுஷர்கள். ஓர் இடத்தில் ஆறுதான் இருக்கிறது என்று நாம் அடித்துச் சொல்லி, உண்மையில் அங்கே ஏழு இருந்தால், கணினி நம்மோடு சண்டை போடாது. பந்தைச் சுருக்கி, கணக்கைச் சரிக்கட்டிவிடும். எட்டு என்று சொன்ன இடத்தில் ஏழுதான் இருந்தால் பந்தை ஊதிவிடும். முதலாளி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்ளும் குமாஸ்தா போல.

ஏழு, ஆறு, எட்டு. கூட்டினால் இருபத்தொன்று.

ஏழு, ஏழு, ஏழு. அதுவும் இருபத்தொன்று.

அவள் விரல்கள் தானாகவே விசைப்பலகைக்குப் போயின. மூன்று கைகளிலும் கார்பனை அழித்து நைட்ரஜன் என்று எழுதினாள். ஆக்சிஜனை அழித்து நைட்ரஜன் என்று எழுதினாள். பொத்தானை அழுத்தும்போது, 'பொருந்தக் கூடாது, பொருந்தக் கூடாது' என்று வாய்விட்டே சொன்னாள். தன் கணக்கு தப்பாகப் போக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பொருந்திவிட்டது. பந்துகள் ஒன்பதும் பிடித்துவைத்த மாதிரி ஒரே அளவுக்கு வந்தன. பிழை எண் சரசரவென்று இறங்கியது.

மூன்று நைட்ரஜன் வரிசையாக உட்கார்ந்த கை ஒன்று இருந்தாலே வேதியியல்காரர்கள் தள்ளி நிற்பார்கள். இவ்வளவு சின்ன உடம்பில் மூன்று கை. கரைசலாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். உலர்ந்துவிட்டால், வெடிக்க ஓர் உரசல் போதும். ஒரு தட்டு போதும்.

உலர்ந்த பொருளைப் பம்பரம் எப்படி எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். குடுவையின் உள்சுவரில் ஒட்டியிருப்பதை எஃகுக் கரண்டியால் கரகரவென்று சுரண்டுவான். பொறுமை கிடையாது. அடிப்பிடித்த பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்ப்பான்.

'நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.' அந்த வார்த்தையைச் சொன்னது அவள்தான்.

கைப்பேசியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். அவன் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள பெட்டியில் பூட்டி வைத்திருப்பான். உள்தொலைபேசியைத் தூக்கி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. ஒரு தடவை. இரண்டாவது தடவை பாதியிலேயே பட்டென்று வைத்துவிட்டாள்.

அந்த மணி எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் நின்று வேலை செய்யும் இடத்துக்கு மேலே, சுவரில். ஹூட் என்கிற, காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டியின் இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டும் என்று தீயணைப்பு மணி மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது அடிக்கும்போதெல்லாம் அவன் துள்ளுவான். கையில் கரண்டி இருக்கும்போது துள்ளினால்?

ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். கண்ணாடிகள் அப்படியே இருந்தன. சத்தம் எதுவும் இல்லை.

அவள் ஓடினாள்.

படிக்கட்டு, முற்றம், சைக்கிள் நிறுத்துமிடம். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. எதிர்க் கட்டடத்தின் வாசலில் பாதுகாப்பு அதிகாரி வழிமறித்தார். அவருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகைக்காக ஊதுவார். மற்ற நாளெல்லாம் ஊத மாட்டோமா என்று ஏங்குவார்.

"மேடம், மேடம்! வராந்தாவில ஓடக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி எங்க? ஒத்தைச் செருப்போட உள்ள விடமுடியாது. சொன்னா எல்லாரும் என்னைத்தான்..."

"சார்." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "என் தம்பி கையில இருக்கிறது வெடிக்கிற பொருள். அவனுக்கு அது தெரியாது."

விசிலின் கை தானாக விசிலுக்குப் போனது.

"ஊதாதீங்க! அலாரத்தையும் தொடாதீங்க. திடுக்கிட்டான்னா முடிஞ்சுது. மத்தவங்களை ஒவ்வொருத்தரா, சத்தமில்லாம வெளிய அனுப்புங்க. கதவைச் சாத்த வேண்டாம்."

மனுஷர் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். காலுறையோடு, திருடன் மாதிரி, முதல் அறைக்குள் பதுங்கிப் போனார். வேறு நாளாக இருந்தால் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மீதியிருந்த செருப்பையும் அவள் கழற்றினாள்.

தம்பியின் கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஹூட்டின் இரைச்சல். அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

கர்... கர்... கர்...

அவன் முதுகு தெரிந்தது. தலை குனிந்திருந்தது. முழங்கை முன்னும் பின்னும் போய்வந்தது. இடது கால் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் பெரிய குடுவை. அதன் உள்சுவர் முழுக்க வெண்மை. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணியில், ஏற்கெனவே சுரண்டி எடுத்த பொடி சிறு குவியலாக இருந்தது.

கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. சிறுவயதில் இதே முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை பதுங்கி வந்திருக்கிறாள். துள்ள வைப்பதற்காக வந்த அதே கால்கள், இப்போது அவன் துள்ளிவிடாமல் இருக்க வேண்டுமே என்று நடந்தன. தொட்டால் துள்ளுவான். கூப்பிட்டால் துள்ளுவான். சும்மா நின்றால் சுரண்டிக்கொண்டே இருப்பான்.

கர்... கர்...

அவனுடைய மகள் முகம் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது இன்று அத்தையான இவளுடைய முறை.

அப்போது ஹூட்டின் கண்ணாடிக் கதவில் தன் வெள்ளைக் கோட்டின் பிம்பம் ஓரமாக ஆடுவதைக் கண்டாள். இன்னும் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால், அவன் நிமிரும்போது கண்ணாடியில் அவள் தெரிவாள். பின்னாலிருந்து வரும் ஆளாக அல்ல, எதிரில் நிற்கும் ஆளாக.

நகர்ந்தாள். நின்றாள். கைகளைத் தளரத் தொங்கவிட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்தாள். அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

கரண்டி நின்றது. குவியலைப் பார்த்துவிட்டு அவன் நிமிர்ந்தான். கண்ணாடியில் அவளைக் கண்டான்.

"ஏய்! எப்ப வந்தே?" திரும்பப் போனான்.

"திரும்பாதே. அப்படியே நில்லுடா, செல்லம்."

செல்லம் என்ற சொல் அவனைக் கட்டிப்போட்டது. அவள் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்த அன்றைக்கு ஒரு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"என்னக்கா?"

"கரண்டியை எதன்மேலயும் வைக்காதே. குடுவை மேல படாம, மெதுவா வெளிய எடுத்துக் கையிலயே வச்சுக்க. ஆங். அப்படித்தான்."

"அக்கா, பயமுறுத்தறியா? பழைய விளையாட்டா?"

"நான் காலையில தப்பாச் சொல்லிட்டேன். கார்பன் இல்ல, ஆக்சிஜன் இல்ல. மூணும் நைட்ரஜன். மூணு கையிலயும்."

கண்ணாடியில் அவன் முகம் வெளுப்பதை அவள் பார்த்தாள். அவனுக்கு மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்கள் மட்டும் கிண்ணிக்குப் போய், குடுவைக்குப் போய், கையிலிருந்த கரண்டிக்கு வந்தன. கரண்டியின் நுனியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தது.

"இவ்வளவு நேரம்..." என்றான்.

"அதை அப்புறம் பேசலாம். கரைப்பான் பாட்டில் கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கு?"

"வலது பக்கம்."

"இடது கையால எடு. குடுவைச் சுவர் வழியா, மேல இருந்து, மெல்ல மெல்ல விடு. முழுசும் நனையணும். அவசரப்படாதே."

"கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். நான் இங்கதான் நிக்கிறேன்."

"நீ வெளிய போ."

"போகமாட்டேன். பேச்சை விட்டுட்டு ஊத்து."

அவன் ஊற்றினான். கரைப்பான் கண்ணாடிச் சுவரில் வழிந்தது. வெண்மை ஈரமாகி, மங்கி, கஞ்சி போல இறங்கியது. அந்த நேரத்தில்தான் அக்கா அதைக் கவனித்தாள். அவன் இடது கால் ஆடவில்லை. முதுகு, தோள், தலை எதுவும் அசையவில்லை. பிறந்ததிலிருந்து அவன் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. பார்க்கவே பயமாக இருந்தது.

கரண்டியின் நுனியையும் ஈரத்துக்குள் இறக்கினான்.

"கிண்ணி?"

"அதைத் தொடாதே. கண்ணாடிக் கதவை இறக்கு. சத்தம் வராம. இப்ப பின்னால வா. ஒவ்வொரு அடியா."

வாசலைத் தாண்டியதும் அவன் கையை அவள் பற்றினாள். இருவரும் நடந்தே முற்றத்துக்கு வந்தார்கள்.

முற்றத்தில் கட்டடத்துச் சனம் முழுக்க வாய் திறக்காமல் நின்றது. காலுறையோடு நின்றிருந்த விசில், ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

விசில் வரவழைத்த வெடிபொருள் அகற்றும் ஆட்கள் கவச உடையில் வந்தார்கள். ஈரமான குடுவையைப் பத்திரமாக அப்புறப்படுத்தினார்கள். கிண்ணியில் இருந்த பொடியை எடுத்துவர அவர்கள் துணியவில்லை. ஹூட்டுக்குள்ளேயே தடுப்பு வைத்து, தூரத்திலிருந்து தீர்த்துவிடப் போவதாகச் சொன்னார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

'டமார்!'

ஜன்னல்கள் அதிர்ந்தன. எங்கேயோ கண்ணாடி உதிர்ந்தது. மரத்திலிருந்த காகங்கள் மொத்தமும் எழும்பின.

"அது கிண்ணியில இருந்தது மட்டும்தான்" என்றான் தம்பி. துள்ளவில்லை. சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். குடுவையில் இருந்தது அதைப்போலப் பல மடங்கு.

நடந்தது என்ன என்று பிறகு தெரிந்தது. போன வாரம் அலமாரிக்கு வர்ணம் அடித்தபோது புட்டிகளை இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். அவன் எடுக்க வேண்டியதும், மூன்று நைட்ரஜன் கொண்ட இன்னொன்றும் வெள்ளை உப்பு, இரண்டும் ஒரே மாதிரிப் புட்டி. பம்பரம் வழக்கமான இடத்தில் கையை விட்டு, கையில் வந்ததை எடுத்திருக்கிறான். லேபிளைப் படிக்கவில்லை.

"நீ சரின்னு சொன்னியேக்கா" என்றான். கோபமில்லை. குழந்தை கேட்பது போல இருந்தது.

"நீ வரைஞ்சு குடுத்தியேடா. அதை வச்சே பெயர் போட்டேன். பந்து எப்படி இருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டேன்."

"நான் உன்னை நம்பினேன். நீ என்னை நம்பினே."

"ரெண்டு பேருமே அந்தப் பொருளைக் கேட்கலை."

எதுவோ நினைவு வந்தவனாக அவன் நிமிர்ந்தான்.

"அந்தப் படிகம். சீசாவுல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே. எப்படிப் பிரிச்சே?"

'டிக்' என்ற அந்தச் சத்தம் அக்காவின் காதுக்குள் கேட்டது. கண்ணுக்குக் கீழே, விரல் நுனிக்குக் கீழே.

"பிளேடா?"

"எண்ணெய்ல போட்டுத்தான் வெட்டினேன்."

"அக்கா!"

"எண்ணெய்டா. எண்ணெய்தான் உரசலைத் தாங்கிக்கிச்சு." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "மீதித் துணுக்கு இன்னும் அந்தத் தகட்டுலயே இருக்கு. நுண்நோக்கிக்குக் கீழ. சீசாவும் மேஜையில இருக்கு. அறையைப் பூட்டாம வந்துட்டேன்."

அதைக் கேட்டதும் விசில் கவச உடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அக்காவின் அறைப் பக்கம் நடந்தார். ஓடவில்லை. காலில் இன்னும் பூட்ஸ் இல்லை.

அவர்கள் திரும்பி வரும்வரை இருவரும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீசாவும் தகடும் பத்திரமாக ஒரு மணல் பெட்டியில் கீழே வந்தன. கருவியின் நுனியில் குளிர்காற்றில் நின்ற துணுக்கையும் எடுத்துவிட்டார்கள். அது கண்ணுக்கே தெரியவில்லை.

"பாப்பாவைக் கூட்டிவர நேரமாச்சு. இன்னிக்கு என் முறை" என்றாள் அக்கா.

"நான் போறேன். நான் போய்ப் பார்க்கணும் அவளை."

"சரி. அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே."

அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். சைக்கிளை எடுக்கவில்லை. உருட்டிக்கொண்டும் போகவில்லை. ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து, வெளிவாசலை நோக்கி நடந்தான்.

அவன் தெருமுனையில் மறையும்வரை அக்கா நின்றாள். யாரோ தட்டோடு ஒரு தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கோப்பையின் அடி தட்டில் மோதி 'டிக், டிக்' என்றது. அவள் அவசரமாகக் கோப்பையைத் தட்டிலிருந்து தூக்கி, இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.